இருநூற்றுப் பதினான்கு பேருக்கு ஒரே நம்பர்

அந்தக் காது மெஷின் கம்பெனியில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் முதலாளியின் மனைவி, அந்தப் பக்கம் முதலாளியின் தங்கை. தங்கை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பேட்டரி விற்கிற கவுன்டர் பெண்வரைக்கும் எல்லோருக்கும் முதலாளியின் மனைவி அண்ணியாகவே ஆகிவிட்டாள். "அவ எனக்குக் குடுத்தது அந்தப் பேரு ஒண்ணுதான், மத்தபடி எடுத்துக்கிட்டதுதான் ஜாஸ்தி" என்பாள் அண்ணி.

இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஏழு மாதம் ஆகிறது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மஞ்சள் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், எழுத்து அடுத்தவர் பக்கம் தெரிகிற மாதிரி. 'பிரிண்டர் மை தீர்ந்துவிட்டது. தீர்த்தது யார்?' என்று இங்கிருந்து ஒன்று போனால், 'உங்களைப் போலச் சும்மா இருந்தால் தீராதுதான்' என்று அங்கிருந்து ஒன்று வரும். ஆபீஸ் ஆட்கள் டீ குடித்துக்கொண்டே அந்தச் சீட்டுகளைப் படிப்பார்கள். பத்திரிகை வாங்கும் செலவு மிச்சம்.

அண்ணியிடம் இருந்தது சி.ஆர்.எம். கம்ப்யூட்டரில் இருக்கிற வாடிக்கையாளர் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்தக் காதில் எந்த மெஷின், யார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு வரவேண்டும் என்று பதினோராயிரம் பேரை அவள் பத்தொன்பது வருஷமாகத் தன் கையாலேயே ஏற்றியிருந்தாள். நாத்தனாரிடம் இருந்தது புது ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர். விளம்பரம் பார்த்து வருகிறவர்களுக்கு வாழ்த்து, நினைவூட்டல், தள்ளுபடி என்று அது தானாகவே மெசேஜ் அனுப்பும். ஆபீஸ் ஆட்களுக்கு மீட்டிங் அறிவிப்பு அனுப்புவதும் அதுதான்.

திங்கட்கிழமை முதலாளி இரண்டு அறைக்கும் பொதுவாக வராந்தாவில் நின்றுகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அறிவித்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டையும் இணைச்சிடணும். இணைச்சிட்டா ரெண்டு ரூம் எதுக்கு? ஒருத்தர் பாத்தா போதும். யாருன்னு அப்புறம் பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்றாரே தவிர, பேச என்ன இருக்கிறது? இணைப்பு ஒழுங்காக முடிந்தால் நாத்தனாருக்கு நாற்காலி. சொதப்பினால் அண்ணிக்கு. பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த அந்த நாற்காலியை அண்ணி ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை இணைப்புக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். ஆனால் வேலையில் கெட்டிக்காரர். வராந்தாவில் ஒரு மேஜை போட்டு, இரண்டு பெண்களையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு பக்கமும் வேற வேற விலாசம் இருந்தா, எது ஜெயிக்கணும்?"

"என்னோடதுதான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஏழு மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

"சார், அவங்க லிஸ்ட் அரதப் பழசு" என்றாள் நாத்தனார். "நான் படிக்கப் போனப்ப ஏத்தின பேரெல்லாம் அதுல இருக்கு."

"ஆமா சார். அவங்க நாலு தடவ படிக்கப் போனாங்க. எந்தத் தடவைன்னு கேட்டுக்கோங்க."

இணைப்புக்காரர் இருமினார். விலாசமும் நம்பரும் பதிவேட்டிலிருந்து, அனுப்புகிற வேலை ஆட்டோமேஷனில் என்று ஒருவழியாக முடிவானது. பழைய பில்லில் நம்பர் இருந்தால் அதைத் தேடி எடுத்துக் காலி இடத்தை நிரப்பிவிட வேண்டும், நம்பர் இல்லாத ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது என்று நாத்தனார் ஒரு விதி போட்டாள். அதற்கும் தலையாட்டினார்.

"கடைசியா ஒண்ணு. ஒரே ஆள் ரெண்டு தடவ ஏறியிருந்தா எத வச்சுக் கண்டுபிடிக்கிறது? போன் நம்பர வச்சுச் சேத்துடலாமா? ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தானே?"

அண்ணி வாயைத் திறந்தாள்.

"அவங்கள ஏன் கேக்குறீங்க?" என்று குறுக்கே பாய்ந்தாள் நாத்தனார். "நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். ஒரு நம்பர், ஒரு ஆள். எழுதிக்கோங்க. அவங்கள பதில் சொல்ல விட்டா அடுத்த வருஷம்தான் வெள்ளிக்கிழம வரும்."

இணைப்புக்காரர் விடாமல் அண்ணியைப் பார்த்தார். "மேடம்?"

அண்ணி திறந்த வாயை மூடினாள். "அதான் சொல்லிட்டாங்களே."

அங்கேதான் விஷயம் இருந்தது. பதிவேட்டில் அண்ணியின் சொந்தக் கைப்பேசி நம்பர் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் போட்டிருந்தது. அத்தனை பேரும் செத்துப்போனவர்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் கவுன்டர் பெண் ஒருத்தி சர்வீஸுக்கு வரச்சொல்லி ஒரு வீட்டுக்குப் போன் போட்டிருந்தாள். எடுத்தது மகள். அப்பா போய் எட்டு நாள் ஆகிறது என்று அவள் அழுத அழுகையைக் கவுன்டர் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து அண்ணி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். இறந்த செய்தி வந்தால் பேரை அழிக்க மாட்டாள். அந்த மெஷினை வீட்டில் வேறு யாராவது கொண்டுவரலாம், கணக்கு வேண்டும். நம்பரை மட்டும் எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடுவாள். யார் மறந்துபோய்க் கூப்பிட்டாலும் அடிப்பது அவள் கைப்பையில்தான். 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுவாள். வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். இந்த ஏற்பாடு வேறு யாருக்கும் தெரியாது; புருஷனுக்கே தெரியாது.

இணைத்தால் இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆகட்டுமே. சனிக்கிழமை அந்தக் கூத்தை அப்படியே புருஷன் முன்னால் கொண்டுபோய் வைத்து, 'உங்க தங்கச்சி பண்ணின லட்சணத்தப் பாருங்க' என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் அந்த ஒரு வசனத்தை அவள் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குளிக்கும்போதுகூட.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பட்டனை அழுத்தினார்கள். கைதட்டினார்கள். நாத்தனார் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'மேஜையைக் காலி செய்ய அட்டைப்பெட்டி வேண்டுமா?'

நாலு மணிக்கு அண்ணியின் கைப்பையில் போன் சிணுங்கியது.

'வாழ்த்துகள்! எங்களிடம் 214 கருவிகள் வாங்கிய நீங்கள்தான் இந்த ஆண்டின் பொன் வாடிக்கையாளர்! உங்கள் வீடு தேடிப் பரிசுடன் வருகிறோம். இனி எல்லாவற்றையும் நன்றாகக் கேளுங்கள்!'

மெசேஜுக்கு மேலே, கடிகாரம் ரிப்பேர் செய்துவந்த ஒரு வாடிக்கையாளரின் பேர் இருந்தது. கடைசியாக நம்பர் மாற்றியது அவருக்குத்தான், இரண்டு மாதம் முன்னால். அத்தனை பேரும் அவர் பேருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல மனிதர். பெண்டாட்டி பேசினால் மட்டும் மெஷினை அணைத்துவிடுவார். 'இவருக்குக் காது கேக்கும், என் குரல்தான் கேக்க மாட்டேங்குது' என்று அந்த அம்மாள் கவுன்டரில் வைத்தே சத்தம் போடுவாள். அவர் போனதைச் சொல்லக் கூப்பிட்டதும் அந்த அம்மாள்தான். அண்ணியே எடுத்தாள். 'இனிமே எங்க ஆபீஸ்லேர்ந்து உங்க வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்க, ஒரு போன்கூட வராதும்மா. அது என் பொறுப்பு' என்று வாய் நிறையச் சொன்னாள்.

பரிசு, வீடு தேடி வருவது எல்லாம் அண்ணி அறியாதது. அவள் நினைத்ததெல்லாம் திரையில் ஒரு குளறுபடி, அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி காலி. வாசலில் நாத்தனார் பெரிய பூங்கொத்தோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போட்டோக்காரர்.

அண்ணி போன் போட்டாள். காருக்குள் நாத்தனார் திரையைப் பார்ப்பதும், உதட்டைச் சுழிப்பதும், கட் பண்ணுவதும் ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது முறை. கட். மூன்றாவது முறை போனே அணைந்திருந்தது.

இப்போது சும்மா உட்கார்ந்தால் நாற்காலி அவளுடையது. உட்காரத்தான் உட்கார்ந்தாள். அரை நிமிஷம் இருக்கும். எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு ஓடி, கிடைத்த டாக்ஸியில் ஏறினாள்.

கடிகாரக்காரர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடி திரும்பும்போதே மேலே நாத்தனாரின் விளம்பரக் குரல் கேட்டது.

"வாழ்த்துக்கள்மா! ஐயாவக் கூப்பிடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். முதியோர் இல்லம் ஏதாவது நடத்துறாங்களா? இருநூத்திப் பதினாலு மெஷின் வாங்கியிருக்காங்களே!"

"யாரக் கூப்பிடணும்?"

"ஐயாவ. காது கேக்கலையாம்மா? உங்களுக்கும் ஒரு மெஷின் போட்டுடலாம், தள்ளுபடில." சிரிப்பு. போட்டோக்காரர் ஒரு படமும் எடுத்துவிட்டார். பளிச்சென்ற வெளிச்சம் படிக்கட்டில் விழுந்தது.

மூச்சு இரைக்க, "போதும் நிறுத்து" என்றபடி அண்ணி மேலே ஏறி நின்றாள். அந்த அம்மாள் நாத்தனாரைப் பார்க்கவில்லை. பூவையும் பார்க்கவில்லை. நேராக அண்ணியைத்தான் பார்த்தாள்.

"நீதான அன்னைக்குப் போன்ல பேசினது? இந்தக் குரல் எனக்குத் தெரியும்."

"அம்மா, நான்..."

"அவர் போயிட்டார்னு சொன்னதுக்கு, இனிமே ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு சொன்ன. என் பொறுப்புன்னு சொன்ன. நான் கேட்டேனா? நீயாதான சொன்ன? சொல்லாம இருந்திருந்தா, ஏதோ கடக்காரங்க, தெரியாம வந்துட்டாங்கன்னு கதவச் சாத்தியிருப்பேன்."

சாத்தத்தான் செய்தாள். உள்ளே ஏழெட்டுக் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அத்தோடு நின்றது.

நாத்தனார் திரும்பினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"செத்துப்போனவரா? செத்தவர உயிரோட வச்சிருக்கறதுதான் உங்க பத்தொன்பது வருஷப் பதிவேடா, அண்ணி?"

"செத்தவங்களுக்கெல்லாம் என் நம்பரப் போட்டிருந்தேன், நீ எல்லாரையும் ஒரே ஆளாக்கிட்ட. மூணு தடவ போன் போட்டேன். கட் பண்ணிட்டு இப்ப வந்து கேக்குற."

"செவ்வாய்க்கிழம வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"நீ பேச விட்டியா?"

"அவர் உங்களத் தனியாக் கேட்டாரே! மேடம்னு கேட்டாரே!"

அண்ணி குனிந்து, பாதி கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கீழே இறங்கினார்.

ஆபீஸில் முதலாளி, நாத்தனார் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்தார். "குட்டிம்மா சொல்றது நிஜமா? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாராலும் நிரூபிக்க முடியாது. இணைப்புக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, நெற்றியிலிருந்த கண்ணாடியை மேஜையடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"தெரியும். இவ மூக்கு உடையட்டும்னுதான் சும்மா இருந்தேன். உடைஞ்சது இவ மூக்கு இல்ல."

"இதுக்குன்னே ஒரு கட்டம் இருக்கே மேடம்" என்றார் இணைப்புக்காரர் மெதுவாக. "'தொடர்பு கொள்ள வேண்டாம்'னு. ஒரு டிக் போட்டிருந்தா போதும்."

"டிக்க யார் வேணா எடுத்துடலாம் சார். என் நம்பர நான்தான் எடுக்க முடியும்."

அன்றைக்கே பழைய காப்பியிலிருந்து எல்லோரையும் பிரித்து எடுத்தார்கள். டிக்கும் போட்டார்கள். சனிக்கிழமை காலையில் அட்டைப்பெட்டி வந்தது. சொன்ன சொல் தவறாத நாத்தனார். அறையும் நாற்காலியும் அவளுக்கு. அண்ணிக்குப் பேட்டரி கவுன்டர்.

திங்கட்கிழமை அண்ணி ஒன்பது மணிக்கு வந்தால் கவுன்டரில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் உள்ளே மீட்டிங்கில். எட்டு மணிக்கே மீட்டிங் என்று எல்லோருக்கும் மெசேஜ் போயிருக்கிறது, அவளைத் தவிர. வெளியே ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இணைப்புக்காரரிடம் போனை நீட்டினாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"டிக்கு ஆளுக்கு இல்ல மேடம், நம்பருக்குத்தான் விழுது. அந்த இருநூத்திப் பதினாலு பேரோட சேந்து நீங்களும் அடைபட்டுட்டீங்க. இனிமே இந்த ஆபீஸ்லேர்ந்து உங்களுக்கு எதுவும் வராது."

"நல்ல கதையா இருக்கே. உயிரோட இருக்கேன்னு யார்கிட்ட எழுதி வாங்கணும்?"

"அந்தச் செத்தவங்க பேர்ல இருக்கற உங்க நம்பர அழிச்சிடுங்க. அழிச்சா உங்களுக்கு டிக்க எடுத்துடலாம். ஆனா காலியா விட்டா, பழைய பில்லுல இருக்கற வீட்டு நம்பர் தானா வந்து ரொம்பிடும். சின்ன மேடம் போட்ட விதி."

"அதையாவது எடுக்கச் சொல்லுங்களேன்."

"கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

அண்ணி கண்ணாடி அறையைப் பார்த்தாள். அவள் நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்து, குழி பொருந்தாமல் நெளிந்துகொண்டிருந்தாள்.

"அப்ப என் நம்பரே இருக்கட்டும்" என்றாள்.

பத்து மணிக்குக் கவுன்டர் பெண் ஒரு மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். 'இனி மீட்டிங் நேரத்தை நீங்களாகவே வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.' அண்ணி அதை நிதானமாக இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்து, குனிந்து, ஆடிக்கொண்டிருந்த கவுன்டர் காலுக்கு அடியில் செருகினாள். ஒரு பக்கம் அழுத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆடியது.

"போய் இன்னும் ரெண்டு சீட்டு எழுதித் தரச் சொல்லு" என்றாள்.