அண்ணன் எந்தப் பக்கம் பார்க்கிறான்

இந்தக் காலத்தில் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆள் குதிரைக் கொம்பு. மருந்துக் கடைக்காரன் போனைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை நீட்டுகிறான். வங்கியில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து எனக்கு வணக்கம் சொல்கிறாள். பல் கட்டும் வேலை செய்கிற எங்கள் மாப்பிள்ளையும் அப்படித்தான். பேசும்போது என் கண்ணைப் பார்க்க மாட்டான், பல்லைத்தான் பார்ப்பான். அது அவன் கட்டிய பல். அவ்வளவு பார்த்தும் கீழ்வரிசை இன்னும் ஆடுகிறது. அதனால் அவன் கைவேலை மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

மாப்பிள்ளை என்றால் என் அண்ணன் மகளைக் கட்டியவன். அண்ணன் போர் விமானம் ஓட்டினான். சண்டைக்குப் போனான், ஆளும் திரும்பவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. அப்போது அண்ணி வயிற்றில் இருந்தவள்தான் இந்தப் பெண். அப்பா முகத்தைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. நான் பஸ் டிப்போவில் டயர் மாட்டி ஓய்ந்தவன். மனைவி போன பிறகு இவர்கள் வீட்டு மாடியறையில் கிடக்கிறேன்.

அண்ணிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. பார்வையின் நடுவில் ஒரு அழுக்குத் துணி தொங்குகிற மாதிரி இருக்குமாம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் உங்கள் தோளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவரைப் பார்ப்பாள். தெரியாதவர்கள் திமிர் என்பார்கள். அந்த ஓரமும் நிலைக்காது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று: அவர் முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இருந்த போட்டோக்கள் தீப்பெட்டி அளவு, கறுப்பு வெள்ளை. பெரிதாக்கினால் புகைதான் பெரிதானது.

அதற்குத்தான் மாப்பிள்ளை ஒரு பொம்மைத் தலையை வாங்கி வந்தான். பொம்மை ஒட்டுகிற கிறுக்கு அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் துண்டு துண்டாக இருந்தது: தோல் தொப்பி மாட்டிய ஒரு விமானியின் தலை, மார்பு வரைக்கும் உடம்பு, ரோமம் வைத்த காலர், நெற்றியில் ஏற்றிவிட ஒரு பெரிய கண்ணாடி. ஒட்டினால் ஒரு சாண் உயரம் வரும். எந்த நாட்டுக்காரன் முகமோ, மூக்கு கத்தி மாதிரி இருந்தது.

"எவன் பெத்த பிள்ளையோ. எங்க அண்ணன் இடத்துக்குத் தத்தெடுக்கிறீங்களா மாப்பிள்ள?" என்றேன்.

"மூக்க மாத்திடலாம் மாமா. மனுஷன் பல்லையே மாத்துறேன்."

"அந்த லட்சணம் எனக்குத் தெரியும்," என்று நாக்கால் பல்லை ஆட்டிக் காட்டினேன்.

ஆனால் உட்கார்ந்துவிட்டால் அவன் எழுந்திருக்க மாட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு துண்டையும் கழுவினான். அச்சின் பிசுக்கு போகாவிட்டால் வண்ணம் பிடிக்காதாம். காதோரம் ஓடிய வார்ப்புக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். பல் வேலைக்கான சின்னக் கத்தியால் மூக்கின் மேல் பட்டிப் பசை வைத்து அகலமாக்கினான். அண்ணன் தாடையில் ஒரு குழி உண்டு. எவ்வளவு ஆழம் என்று கேட்டான். சுண்டுவிரல் நகம் பதிகிற அளவு என்றேன். கையில் பிடிப்பதற்கு வாகாக அண்ணியின் காலி மருந்து பாட்டில் மேல் தலையை ஒட்டிக்கொண்டான். முதலில் முழுக்கக் கறுப்பு வண்ணத்தை ஸ்பிரேயில் ஊதினான். பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளை. உச்சி வெயில் விழுகிற கணக்காம். அதன்மேல் தண்ணீர் மாதிரி மெல்லிசாகத் தோல் நிறம், காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று.

நிறம் என்ன, புருவம் எவ்வளவு அடர்த்தி, மீசை உதட்டைத் தொடுமா என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டான். பார்த்தவன் நான் ஒருத்தன்தானே என்ற கெத்து எனக்கும் வந்துவிட்டது.

கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தான். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டான். கண் நேராகப் பார்த்தால் பேயைக் கண்டவன்போல முழிக்குமாம். கொஞ்சம் ஓரமாக, மேலே பார்த்தால்தான் உயிர் வருமாம். விமானி என்றால் வானத்தைப் பார்க்க வேண்டாமா என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. அண்ணன் அண்ணாந்தபடியே திரிந்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலோர மேசையில் வெளிச்சம் விழும்படி வைத்து அண்ணியை உட்கார வைத்தோம். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படித் திருப்பினால்தான் எதிரே இருப்பது தெரியும்.

"குழி இருக்கு," என்றாள். அண்ணன் மகள் தன் தாடையைத் தடவிக்கொண்டாள். அவளுக்கும் அது உண்டு.

அண்ணி முகத்தை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

"ஏன் என்னப் பாக்க மாட்டேங்கிறாரு?"

அண்ணி என் பக்கம் கையை நீட்டினாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் தம்பி. நீங்களும் இருந்தீங்களே."

இருந்தேன். அண்ணன் சண்டைக்குக் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே நின்றவன் நான். ஜீப் வந்து நின்றது. அண்ணன் வாசல் படியில் நின்று அண்ணாந்து பார்த்து, "மேகம் கலைஞ்சிருச்சு," என்றான். அதுதான் கடைசிப் பேச்சு. கதவில் சாய்ந்து நின்ற அண்ணி பக்கம் திரும்பாமலே வண்டி ஏறிப் போய்விட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உடம்பு இங்கே நின்றதே தவிர, மனசு அதற்குள் மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு அவரை நினைத்தாலே அந்த அண்ணாந்த கழுத்துதான் ஞாபகம் வருகிறது, முகம் வருவதில்லை என்று அண்ணி சொன்னாள். அதற்காகத்தான் ஒரு தடவை முகத்தைப் பார்க்கக் கேட்டிருக்கிறாள். நாங்கள் அதே கழுத்தைச் செய்து வைத்திருக்கிறோம்.

"மாத்திடுறேன் அத்தை. கண்ணு மட்டும்தானே," என்றான் மாப்பிள்ளை.

கண் மட்டும் இல்லை. கண்ணை அழிக்கத் தொட்ட ஸ்பிரிட் இமையையும் அரித்தது. இமையைச் சரிபண்ணப் போனால் கன்னத்துப் பூச்சு பெயர்ந்தது. கடைசியில் முகம் முழுவதையும் சுரண்டி முதலிலிருந்து தொடங்கினான். நேரான பார்வை சுலபத்தில் வரவில்லை. ஒரு தடவை ஒன்றரைக் கண் ஆனது. இன்னொரு தடவை திருடனைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரி இருந்தது. "இவனச் சண்டைக்கு அனுப்புங்க, எல்லைய விட்டே எதிரி ஓடிருவான்," என்றேன். அவன் சிரிக்கவில்லை. அழித்து மறுபடி போட்டான்.

இதற்குள் ஒரு நாள் காலையில் அண்ணி தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். மேசையில் ஓடி மடியில் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓரமும் போய்விட்டது.

அன்று மாப்பிள்ளை வேலைக்குப் போகவில்லை. பொம்மைத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மூக்கக் கேட்டேன், மீசையக் கேட்டேன். எந்தப் பக்கம் பாக்கணும்னு அத்தைகிட்ட ஒரு வார்த்த கேக்கலையே மாமா," என்றான். எனக்கும்தான் தோன்றவில்லை. அவள் கண்ணுக்காகச் செய்த பொருளில் அவளைத் தவிர எல்லோரும் யோசனை சொன்னோம்.

இருந்தும் அவன் முடித்தான். கண்ணிலும் கீழுதட்டிலும் மட்டும் பளபளப்பு பூசி, மருந்து பாட்டிலிலிருந்து பிரித்து, மரக்கட்டை மேல் நிறுத்தினான். பிறகு அண்ணியின் எதிரே வைத்து, தொடலாம் என்றான். அவள் விரல் காலரில் ஏறி, தாடைக் குழியில் நின்றது. கண்ணைத் தொடவில்லை.

"தம்பி, இப்ப பாக்குறாரா?" என்றாள். மகள் பதில் சொல்ல வந்தாள். அண்ணி கையமர்த்தினாள். "நீங்கள்லாம் என் மனசுக்காகச் சொல்லுவீங்க. தம்பி சொல்லட்டும். அவருக்குத்தான் ஒளிவு மறைவு தெரியாது."

முழங்கால் முறுக்கிக்கொள்ள, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, என் தலையை அவள் தலையோடு ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டையைக் கொஞ்சம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம்.

"பாக்குறான் அண்ணி. நேராத்தான்."

"எப்பிடிப் பாக்குறாரு?"

"எப்பிடின்னா? ரெண்டு கண்ணாலயும்தான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பழக்க தோஷம், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது அண்ணன் அவள் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டையை மறுபடி திருப்பக் கை போனது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எழுந்து நின்றால் அவன் என்னையும் பார்க்கவில்லை. வண்ணத்துக்கு ஏது பார்வை, நாம் போய் அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டால் உண்டு. அண்ணி நம்பினாளா, நான் மண்டியிட்ட சிரமத்துக்காக நம்பியதுபோல் சிரித்தாளா, தெரியவில்லை. நிஜமாகவே நேராகப் பார்க்கிறாரா என்றோ என்னமோ கேட்க மாப்பிள்ளை வாயெடுத்தான், என் பல்லைப் பார்த்துக்கொண்டு. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.