தள்ளி வைத்த வில்லைகள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மாடி வீட்டுப் பெண் சொன்னது. மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள். சொல்லிவிட்டு, "எழுதுங்கண்ணா. ஆனா எழுதுறப்ப என் தம்பியக் காப்பாத்திடுங்க" என்றாள். தம்பி ஐசியூவில் கிடக்கிறான்.

2

முதல் தொடக்கம்: 'பாக்டீரியா நம்மைவிடப் புத்திசாலி, ஏனென்றால்...'

(அடித்துவிட்டேன். அதற்குப் புத்தியெல்லாம் கிடையாது. ஒரு மரபணு இருக்கிறது. பெரும்பாலும் அது பூட்டிக் கிடக்கும். குறிப்பிட்ட ஒரு மருந்து நெருங்கினால்தான் திறக்கும். திறந்துவிட்டால் இன்னொரு மருந்தும் சேர்ந்து பலிக்காமல் போகும்.)

3

தம்பிக்குக் காலில் புண். சீழிலிருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்ந்த வில்லைகளை வைத்தவள் அக்காதான். பூட்டைத் திறக்கும் மருந்தை, தம்பிக்குக் கொடுக்கப்போகும் மருந்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கிருமியிடம் அந்த மரபணு இருந்தால், தம்பி மருந்தின் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்த வட்டம் ஒரு பக்கம் நசுங்கிவிடும். அவள் இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்தாள். (வட்டத் தட்டில் மூலை ஏது? எதிரெதிர் ஓரத்தில்.) வட்டம் முழுசாக வந்தது. மருந்துக்குக் கேட்கும் என்று ரிப்போர்ட் கொடுத்தாள்.

இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் இப்படிச் செய்வாளா? நான் நம்பவில்லை. கேட்டேவிட்டேன்.

"மத்தவங்களோடதுன்னா கை தானா பக்கத்துல வச்சிருக்கும். தம்பியோடதுன்னதும் யோசிச்சு யோசிச்சு, நல்லா இடம் விட்டு அழகா வச்சேன்."

4

கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டில் பூட்டு ஏற்கெனவே உடைந்திருந்தால் போதும். மற்றவை மருந்தில் சாக, காலியான இடத்தில் அவை பெருகும். முதலில் காய்ச்சல் இறங்கியது. வீடே அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அப்புறம்...

அப்புறம் காய்ச்சல் திரும்பியது. அவள் வில்லைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வட்டம் நசுங்கியிருந்தது. டாக்டரிடம் ஓடினாள், மருந்தை மாற்றினார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. முதல் ரிப்போர்ட் ஏன் தப்பானது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: வில்லைகளைப் பக்கத்திலேயே வைக்கிறாள். தம்பி வீட்டுக்கு வந்து டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறான். இதில் கதையே இல்லை. இதைத்தான் எழுத ஆசை.

முடிவு இரண்டு: (எழுத மாட்டேன்.)

காலையில் அவளே வந்துவிட்டாள். "அவன் கண்ணு முழிச்சு, 'உன் ரிப்போர்ட்டாலதான் பொழச்சேன்க்கா'ன்னு சொன்னா, நான் என்ன பதில் சொல்றது? அதையும் எழுதிக் குடுங்க."

கூடப் பிறந்தவர்கள் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.