கடைசி பஸ்ஸில் வந்தவர்

"மதினி, இந்தக் கட்டுரைய விட்டா புஸ்தகத்துல உசுரே இல்ல" என்று சங்கரலிங்கம் ப்ரூப் தாளைத் தட்டினார். என் வீட்டுக்காரர் நாலு நாவல் எழுதியவர். போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. நாடகம், கச்சேரி, கரகாட்டம் என்று அவர் பத்திரிகைகளில் எழுதியதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாக்கியே தீருவேன் என்று அவருடைய சிநேகிதர் சங்கரலிங்கம் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

எண்பத்து மூன்றில் வந்த அந்தக் கட்டுரை ஸ்ரீவில்லிபுத்தூர் நாடக நடிகை தங்கபாயைப் பற்றியது. 'பொழுது விடிகையில் அவர் குரல் உடைந்து போயிற்று. இனி மேடையை விட்டு இறங்குவதே அவர் கலைக்குச் செய்யும் மரியாதை.' நடை என்னவோ அருமைதான். அது வந்த பிறகு தங்கபாயை யாரும் நாடகத்துக்குக் கூப்பிடவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மனுஷருக்கு மில்லில் காலை ஷிப்ட் என்பது எனக்கல்லவா தெரியும்! எந்த நாடகமானாலும் பாதியில் எழுந்து கடைசி பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, என்னை எழுப்பி ரசம் ஊற்றச் சொல்வார். ஒரு நாடகத்தையும் விடிய விடிய அவர் பார்த்ததில்லை. என்னை எதற்கும் அழைத்துப் போனதுமில்லை. டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் தங்கபாயின் வீடு. பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் தையல் மிஷினை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அத எடுத்துருதேன் அக்கா. புஸ்தகத்துல வராது."

"எடுத்துட்டா? நான் நடிச்சேங்கிறதுக்கு எழுத்துல இருக்கது அது ஒண்ணுதான். அன்னைக்கு விடிஞ்ச பொறவும் ஒரு சனம் எந்திரிக்கல. அந்தக் கட்டுர இருந்துட்டுப் போவட்டும். ஒங்க வீட்டுக்காரர் பாதியிலயே வீட்டுக்கு வந்துட்டாகன்னு அடியில நீங்க எழுதுங்க."

"நானா? மீதி எப்படி இருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? நான் நாடகமே பாத்ததில்லயே."

தங்கபாய் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, "இதுல உக்காருங்க" என்றார். மடியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பாட்டின் முதல் அடியில் குரல் கரகரத்தது. இரண்டாவது அடியில் மேலே ஏறி அங்கேயே நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.