நாலு வீட்டுத் தையல்கடை

பொன்னுதுரையின் தையல்கடையில் மெஷின் நின்றாலும் நிற்கும், எங்கள் வாய் நிற்காது. மலாக்காவின் காஜா பெராங் சாலையில் போகிறவர்கள் உள்ளே ஏதோ கல்யாணம் என்றுதான் நினைப்பார்கள். நான் துணி வெட்டுவேன். அஞ்சலை சட்டைக் கைகளைத் தைப்பாள். பூங்காவனம் உடம்பைத் தைத்துக் கைகளைச் சேர்ப்பாள். சிட்டிக் கம்பத்து மீனாச்சி பட்டன் வைப்பாள். அந்தக் கிராமத்துச் சிட்டிகள் பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழர்கள், மீனாச்சிக்கு மலாய்தான் பேச்சு. தமிழில் நாலே சொல் தெரியும், நாலும் பூங்காவனம் கற்றுக்கொடுத்த வசவு. அந்தக் கடையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதம் புளூ காய்ச்சல் ஊரைப் பிடித்தது. கடையில் முதலில் பூங்காவனம் படுத்தாள், அடுத்து மீனாச்சி. இருவரும் எழுந்துவிட்டார்கள், ஆனால் முதலாளிக்குப் பயம் போகவில்லை. மலாயாவின் சுதந்திர நாள் ஊர்வலத்தில் நடக்கப்போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை தைக்கும் வேலை அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது.

“கமலவேணி, இனிமே எல்லாரும் அவங்கவங்க வீட்டுலயே தைக்கட்டும். நீ சைக்கிள்ல சுத்திவந்து பாத்துக்க. இந்த வேல கெட்டுச்சுன்னா கடைய மறுபடி தொறக்கவே மாட்டேன், ஆமா” என்றார் முதலாளி.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உறைத்தது. ஊர்வலம் எப்படிப் போனால் எனக்கென்ன? நாங்கள் நாலு பேரும் மறுபடி ஒன்றாக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மெஷின்கள் மாட்டு வண்டியில் ஏறின. ஒன்று பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் பூங்காவனம் வீட்டுக்கு, ஒன்று செமாபோக்கில் அஞ்சலை வீட்டுக்கு. மீனாச்சிக்கு ஊசியும் நூலும் போதும், துணி வெட்ட எனக்கு வீட்டுத் தரையும் கத்தரிக்கோலும் போதும். எல்லாம் போனது, ஆனால் வெட்டும் மேசை கடையிலேயே நின்றுவிட்டது. அது யாருக்கும் தோன்றவில்லை, பெரிய கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய எனக்கும்தான்.

அளவு நாடா பிடித்து அளக்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. மேசை ஓரத்தில் முதலாளி வரிசையாகப் பித்தளை ஆணி அடித்து வைத்திருந்தார். நான் தாராளமாக வெட்டிக் கொடுப்பேன். மடித்துத் தைக்கும்போது அவரவர் ஆணியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். கைக்கு நாலாவது ஆணி, உடம்புக்கு ஆறாவது ஆணி.

முதல் கட்டுச் சட்டை வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. உடம்பு முழங்காலைத் தொட்டது, கை மணிக்கட்டுக்கு எட்டவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சைக்கிளை மிதித்துக்கொண்டு செமாபோக் போனேன்.

“என்னாடி இது? யாரு கைய அளந்து தச்ச?”

“அக்கா, சத்தியமா நாலாவது ஆணிதான்! வேணும்னா எண்ணிப் பாருங்க” என்று அஞ்சலை கட்டிலைக் காட்டினாள்.

கட்டில் சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தாள். எண்ணிக்கை சரிதான். இடைவெளியை மட்டும் மனக்கணக்காகப் போட்டிருந்தாள். பத்து பெரெண்டாமில் பூங்காவனமோ வாடகை வீட்டு ஜன்னல் கட்டையில் அடித்திருந்தாள், வீட்டுக்காரனிடம் அதற்குத் தனியாகப் பாட்டு வேறு வாங்கியிருந்தாள்.

முதலாளியிடம் சாவி வாங்கிக் கடையைத் திறந்தேன். மேசையில் நாடாத் துணியை விரித்து, ஆணிக்கு ஆணி முடிச்சுப் போட்டு, ஆளுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்டதையெல்லாம் பிரித்துத் தைத்தோம். அளவு சரியாகிவிட்டது. ஆனாலும் அஞ்சலையிடம் வேலை நகரவில்லை.

“மாமியா மூஞ்சியும் மெஷின் சத்தமும்தான்க்கா. பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு இல்ல. கை ஓட மாட்டேங்குது” என்றாள்.

அவள் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. அன்றிலிருந்து துணியோடு வம்பையும் சைக்கிளில் ஏற்றினேன். பூங்காவனம் சொன்ன கேலியை அப்படியே அஞ்சலை வாசலில் நின்று சொல்வேன். அஞ்சலையின் பதிலை மறுநாள் பத்து பெரெண்டாமில் இறக்குவேன். மீனாச்சிக்காக எல்லாவற்றையும் மலாயில் ஒரு தரம் நடித்துக் காட்டுவேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை, சண்டை மட்டும் குறைவில்லாமல் நடந்தது. கைகள் ஓடத் தொடங்கின. ஆகஸ்டில், சொன்ன நாளுக்கு முன்பே சட்டைகள் முடிந்துவிட்டன.

ஊர்வலத்தன்று காலையில் திடல் ஓரத்தில் முதலாளியைப் பார்த்தேன். முகமெல்லாம் பல்.

“ஒரு சட்ட திரும்பி வரலியே கமலவேணி! வீட்டுல இருந்தே இவ்ளோ சுத்தமா நடக்குது, எனக்குக் கடை எதுக்கு? எடத்த சைக்கிள் கடைக்காரனுக்கு விட்டுட்டேன். எல்லாம் ஒன்னாலதாம்மா.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். வேலை கெட்டிருந்தாலும் கடை போயிருக்கும். நன்றாக நடந்ததால் போய்விட்டது. அவர் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார், எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

மரத்தடியில் மூவரும் வந்து நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்கள். பூங்காவனம் இளைத்திருந்தாள். அஞ்சலை என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம், யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. இத்தனை நாளும் நான் ஏங்கியது அந்த இரைச்சலுக்குத்தான்.

“திங்கக்கெழம கடை எத்தன மணிக்குக்கா?” என்றாள் அஞ்சலை.

சொன்னேன். அஞ்சலையின் கை தளர்ந்தது. பாண்டு வாத்தியம் முழங்க, எங்கள் வெள்ளைச் சட்டைகள் வரிசை வரிசையாக எங்களைக் கடந்து போயின. அவற்றைப் பார்க்கத்தான் வந்திருந்தோம், யாரும் தலையைத் திருப்பவில்லை.

மீனாச்சி மட்டும் சிரித்தபடி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆப்பா, காக்?” என்றாள். என்ன அக்கா என்று கேட்கிறாள்.

தமிழில் சொன்னபோது தாங்கிக்கொண்டேன். மலாயில் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் அழுதுவிட்டேன்.