இறங்காமல் நடந்த மேடு

வாடிப்பட்டிக்கு வடக்கே ரோகிணியின் ஊரை ஒட்டி நின்ற கரட்டை, அந்தச் சிறு குன்றை, கல்குவாரிக்குக் கேட்டிருந்தார்கள். மலைத்தொடரைச் சேர்ந்தது என்றால் அனுமதி கிடையாது. தனிக் கரடு என்றால் உண்டு. அளந்து சொன்னது ரோகிணியின் கணவன், சர்வேயர் முத்துப்பாண்டி. கரட்டுக்கும் சிறுமலைத் தொடருக்கும் நடுவே நானூறு மீட்டர் சமதரை. 'தனிக் கரடு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தான்.

கரட்டடியில்தான் ரோகிணியின் அப்பா நல்லகாமனின் வீடும் கிணறும்.

"கல்யாணத்தன்னைக்கு நாம அந்த நானூறு மீட்டர்ல எந்த இடத்துல தரைக்கு இறங்குனோம்?" என்று கணவனிடம் கேட்டாள் ரோகிணி.

அந்த ஊரில் புதுமணத் தம்பதி கரட்டில் ஏறி, அதைத் தொடரோடு இணைத்த மேட்டு வழியாகவே நடந்து, தொடரின் முதல் பாறையில் விளக்கு வைக்க வேண்டும். நடுவில் தரையை மிதிக்கக் கூடாது. முத்துப்பாண்டியும் நடந்தவன்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளுக்குப் பயந்து அவன் வைத்த ஒவ்வொரு அடிக்கும் மச்சான்கள் சிரித்தார்கள்.

"இறங்கல. அப்புறம் ரோட்டுக்குக் கிராவல்னு அந்த மேட்ட அள்ளிட்டாங்க. இப்ப இருக்கிறதத்தான் அளக்கச் சொல்றாங்க ரோகிணி."

"அள்ளுனவங்களே இப்ப தனியா நிக்குதுங்கிறாங்க. நீங்களும் எழுதிக் குடுத்துட்டீக."

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நல்லகாமன் எழுந்து, இரண்டும் ஒரே மலை என்றார். அதிகாரி ஆதாரம் கேட்டார். ரோகிணி கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய் வைத்தாள். ஊரில் அவளைத் தவிர யாரிடமும் அந்த மேட்டில் எடுத்த படம் இல்லை.

அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். கையில் விளக்கோடு அவள். பக்கத்தில் செருப்போடு அவன். பின்னால் இருந்த மேட்டை எடுத்துவிட்டு, ஆல்பம் போட்டவர் பனிமலைகளை ஒட்டியிருந்தார், வரிசை வரிசையாக. அன்று அழகாக இருக்கிறது என்று அவளே கேட்டு வாங்கியது. குவாரிக்காரர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"அளந்தவர் இருக்காரே. சொல்லுங்க, அங்க மேடு இருந்துச்சா?" என்றார் அதிகாரி.

முத்துப்பாண்டி எழுந்தான். மாற்றிச் சொன்னால் வேலை போகும். படத்தில் தன் கையிலிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அளக்கும்போது இல்ல சார்."

ரோகிணி ஆல்பத்தை மூடி எடுத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் வீடு திரும்ப மதுரை பஸ்ஸில் அவன் அவளுக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்திருந்தான். அவள் அப்பாவோடு கரட்டுப் பக்கம் நடந்தாள்.