மாடி ரூமில் ஏறிய காத்துக்குழாய்

புது வீட்டுல துணி துவைக்கன்னே ஒரு தனி ரூம் கட்டுறாங்கன்னதும், வீட்டுக்குச் சின்ன மருமகளான சின்னவளுக்குத் தலைகால் புரியல. பின்னே? பழைய வீட்டுல வாஷிங் மெஷின் நின்ன மூலையில எப்பவும் சாக்கடை நாத்தம். பினாயில் ஊத்தினா, பிளீச்சிங் பவுடர் கொட்டினா, முழங்கால் தேயத் தேய்ச்சா. ம்ஹூம்! புருஷனோட அண்ணன், அதான் பெரியவர், அந்தப் பக்கம் போறப்பல்லாம், "வீட்டுப் பொம்பள சுத்தபத்தமா இருந்தா ஏன் நாறுது?"ன்னு நாலு பேர் காதுல விழுற மாதிரி சொல்லுவார். விருந்தாளி முன்னாடியும்தான். அவளும் மறுபடி தேய்ப்பா. கல்யாணமான நாள்லேருந்து இதே பாட்டு.

புது வீட்டுல சுவர் எழும்பி, தளமும் போட்டாச்சு. பிளம்பர் வந்து சாக்பீஸால கோடு போட்டுக் காட்டினார். மெஷின் தண்ணி விழுற குழாய் இங்க. அதுக்கடியில ஒரு வளைவு. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நின்னு நாத்தத்தைத் தடுக்கும். வளைவைத் தாண்டினதும் ஒரு காத்துக்குழாய் பிரிஞ்சு, மாடி ரூம் மூலை வழியா மொட்டை மாடிக்குப் போகும்.

மாடி ரூம் பெரியவருக்கு. மனுஷன் குதிச்சார் பாருங்க!

"என் தலைமாட்டுல சாக்கடைக் குழாயா? அதெல்லாம் வேண்டாம், விட்டுடுப்பா."

"அதுல வெறும் காத்துதாங்க போகும்"னு இழுத்த பிளம்பர், அவர் முறைச்சதும் பல்டி அடிச்சார். "சரி, உங்க இஷ்டம். அது இல்லாட்டியும் தண்ணி போகும்."

"தண்ணி போகும். நாத்தம்?"னு கேட்டா சின்னவ.

பிளம்பர் தலையைச் சொறிஞ்சார். "வரும்மா. மெஷின் தண்ணியை ஒரேயடியா தள்ளும். காத்து வர வழியில்லன்னா, வளைவுல நிக்கிற தண்ணியையும் அது இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் எவ்வளவு கழுவினாலும் நாறும்."

எவ்வளவு கழுவினாலும்! அவ பழைய வீட்டை நினைச்சுப் பார்த்தா. தினம் துணி காயப்போடப் பழைய வீட்டு மொட்டை மாடிக்கு ஏறுறவ அவதானே? அங்க தண்ணித் தொட்டி உண்டு, கொடி உண்டு. காத்துக்குழாய்னு ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல.

"மாமா, பழைய வீட்டையும் நீங்கதானே கூட நின்னு கட்டினீங்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அங்கயும் காத்துக்குழாய் வேண்டாம்னு சொன்னீங்களா?"

"பார்க்க அசிங்கமா இருக்கும்னு..." பெரியவர் முழுங்கினார்.

"விடேன், பழங்கதை எதுக்கு?"ன்னு புருஷன் குறுக்க வந்தான்.

"நீங்க சும்மா இருங்க! அவர் செஞ்ச வேலைக்கு நான் பேச்சு வாங்கியிருக்கேன். ஒரு நாளாவது எனக்காக வாயைத் திறந்தீங்களா?"

சாக்பீஸைப் பிடுங்கிக்கிட்டு விடுவிடுன்னு மாடி ஏறினா. மூணு பேரும் பின்னாலேயே ஓடினாங்க. பெரியவர் ரூம் மூலையில, கை எட்டுற உயரம் வரைக்கும் ஒரே இழுப்பா கோடு போட்டா.

"அங்க என் கட்டில் வரணும்!"

"தள்ளிப் போட்டுக்கோங்க மாமா."

"பெரியவன் சொல்றேன், குழாய் வரக் கூடாது."

"அப்ப இந்த வீட்டுல யார் துணியையும் நான் தொட மாட்டேன். விருந்தாளி மூக்கைப் பொத்தினா, ஏன் நாறுதுன்னு நானே எடுத்துச் சொல்லுவேன்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவத்தைப் பார்த்தான். "பிளம்பர், துளை போடுங்க"ன்னான். அண்ணன் பேச்சுக்கு அவன் எதிர்ப்பேச்சு பேசினது அதுதான் முதல் தடவை.

"சரிம்மா, ஏதோ தெரியாம நடந்துபோச்சு" பெரியவர் குரல் இறங்கிடுச்சு. "அதோட விடு."

"நாலு பேர் முன்னாடிதானே திட்டினீங்க? நாலு பேர் முன்னாடியே சொல்லுங்க, நாத்தம் அவளால இல்லன்னு. அப்புறம் விடுறேன்."