நூற்றுக்கு மூன்றரை

வயலின் வாத்தியார் வெளிநாட்டிலிருந்து வயலின் தந்தி வரவழைக்க வந்தால், கண்ணாடிக்காரம்மா முதலில் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். கணினியைத் திறப்பதெல்லாம் அப்புறம்தான்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பகல் முழுக்க இயந்திரத்தின் கிர்ரென்ற சத்தம்தான் துணை. வாடிக்கையாளர்களை முன்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவளிடம் வருவது அவர்களுடைய பார்வைக் கோளாறு மட்டும், சீட்டில் எழுதிய எண்ணாக. வீடு திரும்பினால் அந்தச் சத்தமும் இருக்காது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆள் நடமாட்டத்தைக் கொண்டுவந்தது ஒரு வங்கி அட்டை. வெளிநாட்டுத் தளங்களில் எது வாங்கினாலும் மற்ற அட்டைகள் நூற்றுக்கு மூன்றரை தனியாகப் பிடித்துக்கொள்ளும், அவளுடையது பிடிக்காது. இதை ஒருநாள் படிக்கட்டில் பேச்சுவாக்கில் கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண்ணின் கைக்குழந்தைக்கு அண்ணப் பிளவு. சாதாரணப் புட்டியில் பால் குடிக்க முடியாது. அதற்கென்று உள்ள புட்டி வெளிநாட்டில்தான் கிடைத்தது. அதை வரவழைக்க அந்தப் பெண் வந்தாள். அவள் சொல்லி மேல்வீட்டு வாத்தியாரும் வந்தார்.

வாங்கியதற்கான பணத்தை அங்கேயே அவள் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஓ.டி.பி. வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் குழந்தை அவள் மடிக்கு மாறிவிடும். வாத்தியார் தன் முன்னாள் வீட்டுக்காரரைப்போல் மூக்கால் பேசிக் காட்டுவார்.

"இன்னும் வரலையாம்மா?"

"வரும் சார், என்ன அவசரம்? டீ ஆறுது பாருங்க."

சில சமயம் எண் எப்போதோ வந்திருக்கும். கைபேசி அவள் பக்கத்தில் குப்புறக் கிடக்கும்.

பிறகு வங்கியிலிருந்து செய்தி வந்தது. இனி அந்தச் சலுகை கிடையாது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். ஒரு டீத்தூள் பொட்டலக் காசு, போனால் போகிறது என்று கூடுதல் கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அக்கா, எத்தனை தடவைதான் உங்களைத் தொந்தரவு பண்றதுன்னு நானும் அதே கார்டு கேட்டு பேங்குக்குப் போனேன். அந்தச் சலுகையை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சாமே?"

கண்ணாடிக்காரம்மா கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சின்னத் தொகைதானேம்மா..."

"சின்னதோ பெருசோ, உங்க காசு இல்லையா? மேல சார்கிட்டயும் சொன்னேன். அவருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு." அவள் குரலில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. கூச்சம்தான் இருந்தது. ஓர் உறையை நீட்டினாள். "எங்க ரெண்டு வீட்டோடதும் இதுல இருக்கு. இனிமே உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டோம்க்கா."

குழந்தை தாவப் பார்த்தது. அவள் அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முன்னைவிட மரியாதையாகச் சிரித்தார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானமாகப் போக ஒரு வழி இருந்திருக்கும். நன்றி சொல்லிவிட்டு விலகிப் போகிறவர்களை எதைச் சொல்லிக் கூப்பிடுவது? உறையை அவள் பிரிக்கவேயில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், பூட்டில் சாவியை நுழைத்துவிட்டுத் திருப்பாமல் நின்றாள். கீழே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இத்தனை நாளில் தான் ஒருமுறைகூட யார் வீட்டுக்கும் போனதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரவேண்டியவர்கள் எப்போதும் மற்றவர்களாகவே இருந்தார்கள்.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். என்ன காரணம் சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் யோசித்தாள். கீழ்ப்படி வந்தும் ஒன்றும் அகப்படவில்லை. கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா, அக்கா." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒரு வேலையும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

உள்ளே அழுகை சட்டென்று நின்றது. வெறுங்காலடி ஓசை கதவருகே வந்தது. கதவிலிருந்த சிறு துளை இருண்டது. கண்ணாடிக்காரம்மா நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, அந்தத் துளைக்கு நேராக முகத்தைக் காட்டி நின்றாள்.